‘அடிச்சாங்க’ என்றால் எத்தனை பேர்?

எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் ஒரு தாள் சுற்றில் இருக்கிறது. விசாரணை நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவை எந்த வேலைக்கு விடலாம், எந்த வேலைக்கு விடக்கூடாது என்று உறுப்பினர்கள் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும். சீனியர்களில் பாதிப் பேர் ‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஜூனியர்கள் ‘எல்லாத்துக்கும் வரட்டும்’ என்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசிக்குள் அது வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பது தனிக்கதை. என் கருத்து ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு எப்போதும் வேகத்தில்தான் தொடங்கும். நாட்டில் நிலுவையில் இருக்கும் வழக்குகள் 5 கோடிக்கு மேல். இயந்திரம் வந்தால் சீக்கிரம் முடியும் என்பது ஒரு தட்டு. இயந்திரம் தப்புப் பண்ணும் என்பது மறு தட்டு. இரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் முன்சீப் கோர்ட்டிலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் நின்றவன் என்ற முறையில் எனக்கு இந்த இரண்டு தட்டுமே சரியாகப் படவில்லை. முதலில் வேகம். ஒரு வழக்கு பத்து வருஷம் இழுப்பது தட்டச்சு மெதுவாக நடப்பதால் அல்ல. சம்மன் உரியவர் கையில் சேரவில்லை, சாட்சி வரவில்லை, ஆய்வக அறிக்கை வரவில்லை, நீதிபதி மாறுதலாகிப் போனார், புதியவர் இன்னும் வரவில்லை, எதிர்த்தரப்பு வாய்தா கேட்கிறது. சில நாள் வாய்தா கேட்பது நானேதான். இவற்றில் எதையும் எந்த மென்பொருளும் தீர்த்து வைக்கப் போவதில்லை. தட்டச்சிலும் தேடலிலும் மிச்சமாகும் நேரம் உண்மையானது. ஆனால் 5 கோடியைக் காட்டி அதை விற்பது கொஞ்சம் அதிகம்.

அடுத்தது பிழை. நீதிமன்றம் பிழையே இல்லாத இடமாக ஒருநாளும் இருந்ததில்லை. தட்டச்சர் தேதியை மாற்றி அடிப்பார், குமாஸ்தா சர்வே எண்ணைத் தப்பாக எழுதுவார், நீதிபதி சாட்சியத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வார். இதெல்லாம் தெரிந்துதான் மேல்முறையீடு, சீராய்வு, மறுஆய்வு என்று படி மேல் படியாகக் கட்டி வைத்திருக்கிறோம். ஆகவே இயந்திரம் தப்புப் பண்ணுமா என்று நான் கேட்கப் போவதில்லை, பண்ணும். தப்பு விழுந்தால் அது முதலில் யார் கண்ணில் படும், எப்போது படும், பட்டால் அவரால் எழுந்து நின்று ‘ஐயா, இது தப்பு’ என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு வேலையையும் இந்தக் கேள்வியில் உரசிப் பார்த்தால், பாதுகாப்பானது என்று நாம் நினைப்பது சில இடங்களில் ஆபத்தாகவும், ஆபத்து என்று நினைப்பது சாதுவாகவும் மாறிவிடுகிறது.

‘வேண்டாம்’ என்ற கட்சியை முதலில் பார்த்துவிடலாம். நேர்மையான கட்சிதான், ஆனால் காலம் கடந்தது. 2023 மார்ச்சில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அனூப் சித்காரா ஒரு ஜாமீன் மனுவில், கொடூரமாகத் தாக்கியவருக்கு ஜாமீன் தருவது பற்றிச் சட்ட உலகம் என்ன சொல்கிறது என்று சாட்ஜிபிடியிடம் கேட்டு, வந்த பதிலை உத்தரவிலேயே எடுத்துப் போட்டார். வழக்கின் தகுதி பற்றிய கருத்தாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதினார். அவர் வெளிப்படையாகச் செய்தார் என்பதால் நமக்குத் தெரிகிறது. தடை போட்டால் பயன்பாடு நிற்காது, ஒளிந்துகொள்ளும். ஒளிந்த பயன்பாட்டில் தப்பு யார் கண்ணிலும் படாது என்பதால், என் உரைகல்லில் முழுத்தடை முதலிலேயே தேறாமல் போகிறது.

எதிர்முனையில் மிகச் சுலபமான வேலை ஒன்று இருக்கிறது: தாக்கல் செய்யும் காகிதங்களில் குறை பார்ப்பது. மனுவை ஃபைல் பண்ணி, எஸ்.ஆர். எண் என்ற தற்காலிகப் பதிவு எண் வாங்கி, ஒரு வாரம் கழித்துப் போனால் ‘ரிட்டர்ன்’ என்று கட்டு திரும்பி வரும். ஏதோ ஒரு பக்கத்தில் எண் விட்டுப்போயிருக்கும், முத்திரைக் கட்டணம் குறைந்திருக்கும், வக்காலத்தில் ஒரு கையெழுத்து இருக்காது. இப்படிப்பட்ட குறைகளைத் தாக்கலின்போதே கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் சென்னை ஐஐடியுடன் சேர்ந்து உச்ச நீதிமன்றம் உருவாக்கிச் சோதித்து வருகிறது. இல்லாத குறையை இருக்கிறது என்று அது சொன்னால், அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். கவுண்டரில் நின்று வாதாடிக்கொள்வேன். யாருடைய உரிமையும் போகாது. நாளைக்கே வரட்டும்.

இனி சாட்சியப் பதிவு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2023 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வில், மகாராஷ்டிர சிவசேனா வழக்கு விசாரணையின்போது, வாதங்களை இயந்திரம் கேட்டு எழுத்தாக்குவது தொடங்கியது. திரையில் வரிவரியாக ஆங்கிலம் ஓடியதைப் பார்த்து எல்லோரும் வியந்தோம். கேரளம் அதைக் கீழே கொண்டுவந்தது: 2025 நவம்பர் 1 முதல் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியம் பதிய அதாலத் ஏஐ என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று அங்கே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்தது நாம்தான் என்று எங்கள் வழக்கறிஞர் சங்க அறையில் பேச்சு.

அரசியல் சாசன அமர்வில் பேசுபவர் மூத்த வழக்கறிஞர். முன்னால் மைக் இருக்கும், ஆங்கிலம் இருக்கும், ஒருவர் பேசி முடித்த பிறகுதான் இன்னொருவர் பேசுவார். எங்கள் கோர்ட்டில் சாட்சிக்கூண்டுக்கு மேலே மின்விசிறி கடகடக்கும், வெளியே டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கூண்டில் நிற்பவர் பயத்தில் பாதியை விழுங்குவார். பேசுவது தமிழ், அதிலும் ஊர்த்தமிழ்.

ஒரு அடிதடி வழக்கு. சாட்சி சொல்கிறார்: “வீட்டு வாசல்ல வச்சு அடிச்சாங்க சார்.” எத்தனை பேர் அடித்தார்கள்? எழுத்துத் தமிழில் ‘அடித்தார்’ ஒருவர், ‘அடித்தனர்’ பலர். பேச்சுத் தமிழில் ‘அடிச்சாங்க’ ஒரே ஆளாகவும் இருக்கலாம், ஊர்ப் பெரிய மனுஷன் என்பதால் மரியாதை கொடுத்திருப்பார். ஐந்து ஆளாகவும் இருக்கலாம். தெற்கே ‘அடிச்சாக’ என்றாலும் இதே குழப்பம்தான். ஐந்து பேர் என்றால் அது சட்டவிரோதக் கூட்டம். பழைய தண்டனைச் சட்டத்தில் 149, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 190. கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவரும் அடித்தவராகவே கருதப்படுவார். ஒருவர் என்றால் மற்ற நான்கு பேரும் வீட்டுக்குப் போகலாம். ஒரு விகுதியில் நாலு பேருடைய சில வருஷங்கள் தொங்குகின்றன.

நல்ல நீதிபதி இந்த இடத்தில் நிறுத்தி, ‘யாருப்பா அடிச்சது, எத்தனை பேர்?’ என்று கேட்பார். இயந்திரம் கேட்காது. எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லியிருந்தால், தனக்குப் பழக்கமான பன்மையைப் போட்டு மேலே போய்விடும். வரி சுத்தமாக, பிழையே இல்லாததுபோல இருக்கும். எனக்குப் பயம் அந்தச் சுத்தத்தின் மேல்தான். தட்டச்சரின் தப்பு தப்பு மாதிரியே இருக்கும். இயந்திரத்தின் தப்பு பளிச்சென்று நல்ல வாக்கியமாக வந்து உட்காரும்.

இப்போதைய முறை என்ன வாழ்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. சாட்சி சொல்வதை நீதிபதி தன் வார்த்தையில் சொல்ல, தட்டச்சர் அடிக்கிறார். ‘சோறு போட்டுட்டு இருந்தேன், சத்தம் கேட்டு ஓடியாந்தேன்’ என்பது ‘நான் சம்பவ நேரத்தில் உணவு பரிமாறிக்கொண்டிருந்தபோது சப்தம் கேட்டு சம்பவ இடத்திற்கு வந்தேன்’ ஆகும். சம்பவ நேரம், சம்பவ இடம் என்ற சொற்கள் அந்த அம்மாவின் வாயிலிருந்து ஒருநாளும் வந்திருக்காது. முடிவில் சாட்சிக்குப் படித்துக் காட்டி, தவறிருந்தால் திருத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது பல நாள் கையெழுத்து மட்டும். இதோடு ஒப்பிட்டால், சாட்சியின் சொல்லை அப்படியே பிடிக்கும் கருவி வரமாகவே இருக்கலாம். குறுக்கு விசாரணையில் நான் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் உள்ளபடியே கிடைத்தால் மேல்முறையீட்டில் பாதி வேலை குறையும்.

ஆகவே இதற்கு நான் சம்மதம் என்பேன், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, பேச்சை எழுத்துத் தமிழாக ‘திருத்தும்’ வேலை அதற்கு வேண்டாம். சொன்னது சொன்னபடி வரட்டும். இரண்டு, ஒலிப்பதிவை மேல்முறையீடு முடியும்வரை வைத்திருந்து, கேட்கும் தரப்புக்கு நகல் தர வேண்டும். ஒலி இருந்தால் ‘அடிச்சாங்க’ பற்றிய சண்டையைப் பத்து வருஷம் கழித்தும் தீர்த்துக்கொள்ளலாம். எழுத்து மட்டும் மிஞ்சினால், தப்பு தப்பாகவே உறைந்துவிடும்.

சாட்சியப் பதிவைவிடச் சாதுவானது மொழிபெயர்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். யாரும் எதிர்ப்பதில்லை. தாய்மொழியில் தீர்ப்பு என்றால் யார்தான் எதிர்ப்பார்கள்? எனக்கும் ஆசைதான். அரசியல் சாசனத்தின் 348வது பிரிவின்படி உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. கீழ்க்கோர்ட்டில் தமிழில் தோற்றவர், மேலே தான் ஏன் ஜெயித்தோம் என்பதைத் தன் வக்கீலின் வாயால்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. இந்த இடைவெளியை அடைக்க 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. இன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன.

ஆனால் என் உரைகல்லை வைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பில் தப்பு விழுந்தால் யார் கண்டுபிடிப்பார்? அதைப் படிக்கப்போவது மூலம் புரியாதவர். புரிந்திருந்தால் மொழிபெயர்ப்பே தேவையில்லை. அதாவது, தப்பைப் பிடிக்க முடியாதவர் என்று தெரிந்தே ஒருவர் கையில் அதைக் கொடுக்கிறோம். நீதிபதி கவாய் ஒருமுறை சொன்ன உதாரணம் பிரபலம்: மேல்முறையீட்டுக்கு அனுமதி தரப்பட்டது என்ற பொருளில் தீர்ப்பின் தொடக்கத்தில் வரும் ‘லீவ் கிராண்டட்’ என்பதை இயந்திரம் இந்தியில் ‘விடுமுறை அளிக்கப்பட்டது’ என்று போட்டதாம். இது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. ‘ஷல்’லும் ‘மே’யும் இடம் மாறினால், ‘வேண்டும்’ என்பது ‘லாம்’ ஆனால், யாரும் சிரிக்க மாட்டார்கள். வாக்கியம் சரியாக இருப்பதால் யாருக்கும் தெரியவே தெரியாது.

மொழிபெயர்ப்பின் எடை என்ன என்பது குண்டர் சட்ட வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தின் கீழ், அதாவது 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தின் கீழ், ஒருவரைத் தடுப்புக்காவலில் வைத்தால், அதற்கான ஆவணங்களை அவருக்குத் தெரிந்த மொழியில் தர வேண்டும். தமிழாக்கம் தரவில்லை, தந்தது மூலத்தோடு ஒத்துப்போகவில்லை, அதனால் தனக்கு எதிராக என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்து முறையீடு செய்ய முடியாமல் போனது என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த காவல் உத்தரவுகள் எத்தனையோ. அந்த வழக்குகளில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு வக்கீல் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஒப்பிட்டதால்தான் தப்பு பிடிபட்டது. வக்கீல் இல்லாதவருக்கு?

உச்ச நீதிமன்றமே தமிழாக்கங்களில் ஒரு குறிப்புப் போடுகிறது: இது கட்சிக்காரர் தம் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டும், செயல்படுத்துவதற்கு ஆங்கில வடிவமே அதிகாரபூர்வமானது. நல்ல எல்லை. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்காக வெளியிட்ட கொள்கை, நாட்டிலேயே முதலாவது, இன்னும் ஒருபடி மேலே போகிறது: இயந்திர மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. படித்துத் தெரிந்துகொள்ள இயந்திரத் தமிழ் போதும். ஒருவரைச் சிறையில் வைக்கவோ, அவர் நிலத்தைப் பறிக்கவோ பயன்படும் காகிதத்தில் மனிதர் பெயரும் கையெழுத்தும் இல்லாத மொழிபெயர்ப்பு வரக்கூடாது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பணியிடங்களை மிச்சம் பிடிக்க இயந்திரத்தைக் கொண்டுவந்தால், மிச்சமாகும் சம்பளத்தை யாரோ ஒரு கைதி கட்டுவார்.

அடுத்தது முன்தீர்ப்பு, அதாவது வாதத்துக்குத் துணையாகக் காட்டும் பழைய தீர்ப்பு, தேடுவதும் வரைவு எழுதுவதும். செய்தித்தாளில் அடிபடுவதெல்லாம் இதுதான், ஏனென்றால் இதில் அவமானம் இருக்கிறது. 2023 ஜூனில் நியூயார்க்கில், விமான நிறுவனம் ஒன்றின் மேல் போட்ட வழக்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ‘இந்த வழக்கு நிஜம்தானா?’ என்று அவர்களில் ஒருவர் அதனிடமே கேட்டிருக்கிறார். அதுவும் நிஜம்தான் என்றிருக்கிறது. திருடனிடமே சாவியைக் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொன்ன கதை. 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் பார்த்த ஒரு வழக்கில், காட்டிய 45 முன்தீர்ப்புகளில் 18 உலகத்திலேயே இல்லை. கட்சிக்காரரே தேடித் தந்ததை வழக்கறிஞர் நம்பிப் போட்டிருந்தார். இதைப் படித்ததும் எனக்கு வியர்த்தது. எங்கள் கட்சிக்காரர்களும் இப்போது கைப்பேசியில் ‘பாயிண்ட்’ எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இந்தக் கற்பனை நமக்கும் அண்டையிலேயே வந்துவிட்டது. 2024 டிசம்பரில் பெங்களூரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு உத்தரவில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி, பிறகு உத்தரவையே திரும்பப் பெற்றது. அவற்றில் ஒன்று 1973ஆம் ஆண்டுச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்று தொகுதி எண், பக்க எண்ணோடு போட்டிருந்தது. பெயர்கூட நம் ஊர்ப் பெயர்தான். அது அப்படித்தான் செய்யும்: ஒரு சென்னைத் தீர்ப்பு எப்படி இருக்குமோ அந்தச் சாயலில் ஒன்றைச் செய்து தரும், ஏனென்றால் அதன் வேலையே அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிப்பதுதான். அமெரிக்காவில் நியூஜெர்சியிலும் மிசிசிப்பியிலும் இரண்டு கூட்டாட்சி நீதிபதிகள் 2025இல் இதேபோல உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார்கள். தங்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள் இயந்திரத்தைப் பயன்படுத்தியதைப் பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு, இந்த வேலையை நான் மிகப் பெரிய ஆபத்து என்று சொல்ல மாட்டேன். காரணம் அதே உரைகல். இல்லாத தீர்ப்பை எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பார். பிடிப்பதில் அவருக்கு லாபம் இருக்கிறது, பிடிக்கும் கருவியும் கையில் இருக்கிறது: 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் தளத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசம். மேலே சொன்னவற்றில் சில வெளியே வந்ததே இப்படித்தான். அதனால் ஒரே ஒரு விதி போதும்: எந்த முன்தீர்ப்பைக் காட்டினாலும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுத்த நகலை மனுவோடு இணைக்க வேண்டும், இணைக்காததைக் கோர்ட் பார்க்காது. எதிர்த்தரப்பே இல்லாத ஒருதலைப்பட்ச வழக்குகளில் மட்டும் நீதிபதியின் அலுவலகம் தானே சரிபார்க்க வேண்டும்.

இதில் யாரும் பேசாத ஆபத்து வேறு. கேஸ் கட்டை அப்படியே இலவசச் செயலிக்குள் ஏற்றிவிட்டு ‘சுருக்கித் தா’ என்று கேட்பது. போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரும் பள்ளியும் வெளியே தெரியவே கூடாது என்று சட்டம் கட்டிக் காக்கிறது. நாம் அதைக் கடல் தாண்டி ஏதோ ஒரு கணினிக்கு அனுப்பிவிடுகிறோம். இது யார் கண்ணிலும் படாது, பட்டாலும் திரும்ப எடுக்க முடியாது. கேரளக் கொள்கை இங்கேயும் தெளிவாக இருக்கிறது: அனுமதி பெற்ற கருவி தவிர வேறு கூடாது, எங்கெல்லாம் பயன்படுத்தினோம் என்ற கணக்கு கோர்ட்டில் இருக்க வேண்டும், தீர்ப்பையோ முடிவையோ நிவாரணத்தையோ எட்ட அதைப் பயன்படுத்தவே கூடாது. ஆனால் அந்தக் கொள்கை நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும்தான். வக்கீல் அறையில் நடப்பதற்கு இன்னும் விதி இல்லை.

கடைசியாக, தாளில் ஒரு ஜூனியர் பெரிய எழுத்தில் எழுதியிருந்த யோசனை: ‘ஜாமீன் மனுக்களுக்கு இயந்திர மதிப்பெண்.’ எஸ்தோனியாவில் ரோபோ நீதிபதி இருக்கிறார், நாம் ஏன் பின்தங்க வேண்டும் என்று கீழே ஒரு வரி. எஸ்தோனிய நீதித்துறை அமைச்சகம் அப்படி ஒன்றே இல்லை என்று 2022இல் மறுத்துவிட்டது. அந்தச் செய்தி மட்டும் இன்னும் உயிரோடு சுற்றுகிறது. ஆனால் மதிப்பெண் கற்பனை அல்ல. அமெரிக்காவில் பல வருஷங்களாக நடக்கிறது.

அங்கே காம்பஸ் என்றொரு கருவி. 137 கேள்விக்கான பதில்களிலிருந்து, இந்த ஆள் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒன்று முதல் பத்துவரை எண் போடும். விஸ்கான்சின் மாநிலத்தில் லூமிஸ் என்பவருக்கு ஆறு வருஷத் தண்டனை கொடுத்தபோது இந்த எண்ணையும் பார்த்தார்கள். எண் எப்படி வந்தது என்று காட்டுங்கள் என்றார் அவர். நிறுவனத்தின் வணிக ரகசியம், காட்ட முடியாது என்றார்கள். 2016இல் மாநில உச்ச நீதிமன்றம், எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு அதைப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் புரோபப்ளிகா என்ற செய்தி அமைப்பு ஃபுளோரிடாவின் புரோவார்டு கவுண்டியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எண்ணை எடுத்து, பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தது. பிறகு குற்றமே செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேருக்கு ‘ஆபத்தானவர்’ என்று எண் விழுந்திருந்தது, வெள்ளையரில் 23.5 சதவீதம். கேள்வித்தாளில் இனம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

நிறுவனம் சொன்ன பதிலும் பொய் அல்ல: ஒரே எண் வாங்கிய கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், ஆகவே எங்கள் கருவி நியாயமானதே. இரண்டுமே உண்மை. இரண்டு கூட்டத்தில் கைதாகும் விகிதமே வேறாக இருக்கும்போது, இந்த இருவகை நியாயத்தையும் ஒரே எண்ணில் கொண்டுவர முடியாது என்று கணித அறிஞர்கள் பிறகு நிரூபித்தார்கள். அப்படியானால் எந்த நியாயம் வேண்டும் என்று யாராவது தேர்ந்தெடுத்தாக வேண்டும். சட்டமன்றமோ நீதிமன்றமோ தேர்ந்தெடுத்தால் கேள்வி கேட்கலாம். ஒரு நிறுவனத்தின் பொறியாளர் தேர்ந்தெடுத்துப் பூட்டி வைத்தால் யாரிடம் போய் மனுப் போடுவது?

மதிப்பெண்ணுக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இன்று ஜாமீன் என்பது எந்த நீதிபதி முன் மனு போகிறது என்பதைப் பொறுத்தது. நம் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். நியூஜெர்சியில் 2017 முதல் ஒன்பது காரணிகளை மட்டும் பார்க்கும், சூத்திரத்தை யாரும் படித்துப் பார்க்கக்கூடிய ஒரு மதிப்பெண் முறை வந்தது. விசாரணைக் கைதிகள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அங்கே அதே சட்டம் பணம் கட்டி ஜாமீன் எடுக்கும் முறையையும் ஏறக்குறைய ஒழித்தது. கதவைத் திறந்தது எண்ணா, பணத்தை எடுத்த சட்டமா? என் கட்சிக்காரர்களில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் இருக்கிறார்கள், இரண்டு நபர் ஜாமீன்தாரர் கிடைக்காமல். அவர்களுக்கு எந்த எண்ணும் உதவாது.

உதவக்கூடியது மிக எளியது. குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விடுவிக்க வேண்டும், முதல் குற்றவாளி என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479வது பிரிவு சொல்கிறது. யார் அந்தத் தேதியைத் தாண்டிவிட்டார் என்று தினமும் சிறைப் பதிவேட்டைப் பார்த்து நீதிபதிக்குச் சொல்லட்டும் கணினி. இதற்கு நுண்ணறிவு வேண்டாம். நாட்காட்டி போதும்.

மதிப்பெண்ணில் எனக்கு இருக்கும் பயத்துக்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை, உசிலம்பட்டிவரை போனால் போதும். குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கைரேகைச் சட்டம் என்று சனங்கள் சொன்ன அந்தச் சட்டத்தில், இந்தச் சாதியில் பிறந்தவன் குற்றம் செய்வான் என்று அரசாங்கம் முன்கூட்டியே எண் போட்டது. ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது. அதுவும் பழைய கைது விவரங்களை வைத்துப் போட்ட கணக்குதான். யாரை அதிகம் கைது செய்தார்களோ அவர்கள்தான் பட்டியலில் அதிகம் இருந்தார்கள். பட்டியலில் இருந்ததால் மறுபடி கைதானார்கள். இன்றைய ரவுடிப் பட்டியலையும் எஃப்ஐஆர் குவியலையும் ஊட்டி ஒரு கருவியை வளர்த்தால், சாதி என்ற கட்டம் அதில் இருக்காது. தெருவின் பெயர் இருக்கும்.

சங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய பக்கத்தில் நான் எழுதியது இவ்வளவுதான். குறை பார்க்க, தேதி கணக்கிட: உடனே. முன்தீர்ப்புத் தேட: நகலை இணைக்கும் விதியோடு, அனுமதித்த கருவியில் மட்டும். சாட்சியம் பதிய: ஒலிப்பதிவைக் காத்து வைத்தால். மொழிபெயர்க்க: படிக்க மட்டும், கையெழுத்தில்லாமல் யாருக்கு எதிராகவும் பயன்படுத்தக் கூடாது. மதிப்பெண்: எந்த வடிவிலும் வேண்டாம். எந்த வேலையில் பயன்படுத்தினாலும் அது கட்சிக்காரருக்குத் தெரிய வேண்டும், உத்தரவிலேயே ஒரு வரி இருக்க வேண்டும்.

கீழே ஓரத்தில் இடம் இருந்ததால் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். கருவியைக் காட்டிக் காண்பிக்க யார் வந்தாலும், குளிர்சாதன அறையில் செய்தி வாசிப்பவரின் தமிழைப் போட்டுக் காட்ட விடக்கூடாது. நம் மூன்றாவது கோர்ட் ஹாலில், மின்விசிறி ஓடும்போது, கூண்டில் ஒருவரை நிறுத்தி ‘வாசல்ல வச்சு அடிச்சாங்க’ என்று சொல்லச் சொல்ல வேண்டும். திரையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிவிட்டு விலை பேசலாம்.